பெயிலானால் பால்கோவா

டீச்சர்,

போன வாரம் யாழினியின் பள்ளிக்கூடத்தில் என் மானம் போன கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உங்கள் பேத்தி படிக்கும் இடம் என்பதால் அதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. கதையைக் கேட்டால் முழுப் பங்கும் உங்களுடையதுதான் என்பீர்கள்.

பெற்றோர் கூட்டம். வசந்தாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று மில்லில் பெர்மிஷன் போட்டுவிட்டு நான் போனேன். எண்ணெய்க் கறை படாத ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு, பத்தாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சர் சின்னப் பெண். விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "சார், யாழினி அரையாண்டுல கணக்குல பெயில்" என்றார்.

நான் எழுந்து நின்று வலது கையை நீட்டினேன். உள்ளங்கையைக் குழித்து, இடது கையால் முழங்கையைத் தாங்கி, நீங்கள் பழக்கிவிட்ட அதே மாதிரி.

அந்தப் பெண் பதறிப்போய்விட்டார். "ஐயோ சார், நாங்க பிள்ளைங்களையே அடிக்கிறதில்ல!"

பின்பெஞ்சிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, பிள்ளை பெயிலானா அடி உங்களுக்கா? நல்ல ஏற்பாடா இருக்கே!" என்றார். வகுப்பே சிரித்தது. வாசலில் நின்ற யாழினி, இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்பது போல வேப்பமரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அது அடிக்கு நீட்டிய கை இல்லை, பால்கோவாவுக்கு நீட்டிய கை என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்?

நான் உங்களிடம் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை டவுன் பஸ்ஸில், மடியில் வயர்கூடையோடு ராஜபாளையம் வந்து இறங்குவீர்கள். கூடையில் சாப்பாட்டுத் தூக்கு, சிவப்பு மசிப் பேனா, குடை. பரீட்சைத் தாள் கொடுக்கும் நாளில் மட்டும் கூடுதலாக ஓர் எவர்சில்வர் டப்பா. அது கூடையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்பேன். டப்பா இருந்தால் தாள் உண்டு. தாள் உண்டென்றால் எனக்கு இனிப்பு உண்டு. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் கணக்கின்மேல்.

ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் முதல் மார்க் வாங்கியவனுக்குப் பரிசு. உங்கள் ஐந்தாம் வகுப்பில் மட்டும் பெயிலானவனுக்குப் பால்கோவா. கேட்டவர்களுக்கு நீங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "மார்க் வாங்கினவனுக்கு மார்க்கே இனிப்புதானே. இவனுக்கு வாயெல்லாம் கசந்து கெடக்கும்." மத்தியானம் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து உள்ளங்கையில் ஒரு விள்ளல் வைப்பீர்கள். "தின்னுலே. தின்னுட்டு எங்க தப்புச்சுன்னு மட்டும் சொல்லு." சரியான விடையைக் கேட்க மாட்டீர்கள். எந்த இடத்தில் வழி தப்பினோம், அது மட்டும் போதும்.

ஒரு தடவை, எப்போதும் முதல் மார்க் வாங்கும் பயல் ஒருவன், டப்பா வாசத்தைத் தாங்க முடியாமல் எல்லாக் கணக்கையும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டுவைத்தான். உங்களிடமா நடக்கும்? தாளைப் பார்த்ததும், "இம்புட்டுத் திட்டம் போட்டுத் தப்புப் பண்ணவனுக்குக் கணக்கு நல்லா வரும்லே, போய் உக்காரு" என்று அனுப்பிவிட்டீர்கள். அவன் அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. நான் அன்று அவன் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.

அந்த மத்தியானங்களில் உங்களுக்கு மறுபக்கம் இரட்டைச் சடையோடு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து, தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே என் வாயை முறைத்துப் பார்க்கும். உங்கள் மகள். கணக்கு நன்றாக வந்த பாவத்துக்கு அவளுக்கு அந்த டப்பாவிலிருந்து ஒரு விள்ளல்கூடக் கிடைத்ததில்லை. பின்னாளில் அந்த வசந்தாவே எனக்கு மனைவியாக வந்து, அந்தக் கணக்கை இன்றுவரை என்னிடம் தீர்த்துக்கொண்டிருக்கிறாள். "எங்கம்மா பால்கோவாவைப் பூராத் தின்னது நீங்கதானே? பாத்திரத்தைக் கழுவுங்க."

பெண் பார்க்க வந்த அன்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மில்லில் ஃபிட்டராக இருந்தவன், டிகிரி முடித்த பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறேன். எதிரே என் ஐந்தாம் வகுப்பு டீச்சர். சம்பளம், சொந்தபந்தம் எதையும் நீங்கள் கேட்கவில்லை. "வகுத்தல் இப்பவாவது வருதா?" என்றீர்கள்.

எங்கள் அம்மா திருதிருவென்று விழித்தாள். நான், "வராது டீச்சர். ஆனா எங்க தப்புதுன்னு தெரியும்" என்றேன்.

"அது போதும்" என்று உள்ளே திரும்பி, "ஏட்டி, காப்பி கொண்டா" என்றீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் பட்ட பாடு தனி. நீங்கள் "வாங்க மாப்பிள்ளை" என்பீர்கள். நான் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அத்தை என்று கூப்பிடச் சொல்லி வசந்தா தலைகீழாக நின்றாள். என் நாக்கு வளையவில்லை. கடைசி வரைக்கும் டீச்சர்தான். ஒருநாள் உங்கள் வீட்டு மோட்டாரைப் பிரித்துவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் நின்றபோது, உங்களுக்கும் மாப்பிள்ளை மறந்துபோய், "ஏலே, எங்க தப்புச்சுன்னு பாருலே!" என்று ஒரு சத்தம் போட்டீர்கள். அடுத்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. வாஷர் என் சட்டைப் பையில் இருந்தது.

யாழினி பிறந்த பிறகு வயர்கூடை எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அவள் ஏழாம் வகுப்பில் முதன்முதலாகக் கணக்கில் சறுக்கினாள். வசந்தா வீட்டைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றீர்கள். யார் போன் செய்தது என்று இன்றுவரை வசந்தாவுக்குத் தெரியாது. "செத்த நேரம் வாயை மூடுட்டி. பிள்ளை மொதல்ல திங்கட்டும்" என்றீர்கள். அதற்குள் உங்களுக்குச் சர்க்கரை வந்திருந்தது. டப்பாவைத் திறந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மூடியை மட்டும் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு மூடினீர்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கியபோது, "பாருங்க மாப்பிள்ளை, நீங்க வாழ்நாள்ல வாங்காத மார்க்கு" என்று என்னிடம் நீட்டிச் சிரித்தவரும் நீங்கள்தானே.

புரட்டாசியில் போய்விட்டீர்கள். இது, நீங்கள் இல்லாமல் வந்த முதல் பெயில்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரும்வரை யாழினி வண்டியின் பின்னால் என்மேல் படாமல் தள்ளியே உட்கார்ந்து வந்தாள். நான் கை நீட்டிய கோபம் என்றுதான் நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும், "நான் பத்தோட நிறுத்திக்கிடுதேன்ப்பா. எனக்கும் உங்க மண்டைதான்" என்றாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

டீச்சர், என் மண்டையை வைத்து நானே எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். மில்லிலும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பேன். அதைப் பிள்ளை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

கோபுரம் கண்ணில் படும் முன்னே பால் காயும் வாசம் வந்துவிட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். கடைக்காரர், "டீச்சர் வீட்டு மாப்பிள்ளையா? யாரு பெயிலு?" என்றார். உங்கள் கீர்த்தி அப்படி. பொட்டலம் சூடாகச் சட்டைப் பையில் இருந்தது. வீடு வந்து சேரும்போது எண்ணெய்க் கறை இல்லாத அந்த ஒரே சட்டையில் நெய்க்கறை.

யாழினி பொட்டலத்தைப் பார்த்தாள். "ஆச்சி இல்லையே, யாரு கேப்பா?" என்றாள்.

"நான் கேக்கேன்."

"உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியுமா?"

"தெரியாது. தின்னுட்டுச் சொல்லு, எங்க தப்புச்சு?"

என்னை முறைத்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள். அப்புறம் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு விடைத்தாளை விரித்தாள். எக்ஸ் என்றாள், ஒய் என்றாள். நான் மிஷின் சத்தம் கேட்பது போலக் காதைக் கொடுத்தேன், ஒன்றும் விளங்கவில்லை. எங்கே குரல் தயங்குகிறதோ அங்கே, "இந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லு" என்றேன். மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் நான் கோளாறு பிடிப்பது அப்படித்தான்.

மூன்றாவது தடவை சொல்லும்போது நடுவில் நின்றாள். "ஏப்பா... அடைப்புக்குறிக்கு முன்னால மைனஸ் இருந்தா உள்ள இருக்குற எல்லாத்துக்கும் குறி மாறணும். நான் மொதல்ல இருக்கிறதுக்கு மட்டும் மாத்தியிருக்கேன்." அடுத்த கணக்கைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். "எல்லாத்துலயும் இதே தப்புப்பா! ஒரே தப்புதான்!" அந்தக் குரலில் ஐந்தாம் வகுப்பு மத்தியானம் எனக்கு அப்படியே கேட்டது. மண்டை மாற்ற வேண்டியதில்லை, ஒரு வாஷர்தான் என்று தெரிந்தவனுடைய குரல்.

வேலையிலிருந்து வந்த வசந்தா வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. நேரே வந்து பொட்டலத்திலிருந்து ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து.

யாழினி பென்சிலைச் சீவிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். பத்தோடு நிறுத்தும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. எழுதிக்கொண்டே, "அப்பா, நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுச்சா?" என்றாள்.

"ஒண்ணும் புரியலை."

"அப்ப நீங்க பெயில். கையை நீட்டுங்க."

நீட்டினேன். குழித்த உள்ளங்கையில் ஒரு விள்ளலை வைத்துவிட்டு, விரலில் ஒட்டியதைத் தாளின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். நீங்கள் அப்படித்தான் துடைப்பீர்கள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"தேங்க்ஸ் டீச்சர்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. வாய் நிறையப் பால்கோவா இருந்தது.