மறுதேர்வு நடத்த வரும் மருமகளுக்கு

பிப்ரவரி 11, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஜனவரி 28 என்று தேதியிட்ட உன் கடிதம் இம்மாதம் 6ஆம் தேதி வந்தது. அஞ்சல் முத்திரையோ 31. எழுதிய கடிதத்தைக் கைப்பையில் சுமந்து திரியாதே.

குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் தினமும் "நாளைக்குக் கண்டிப்பா சார்" என்கிறார்.

தொலைபேசியில் சொன்னால் உன் கணவன் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். தொழிற்சாலையில் அவன் வேலை பார்த்த இறைச்சி வெட்டும் கூடத்தை 2ஆம் தேதி மூடிவிட்டார்கள். உயிரணுக்களை வளர்த்து இறைச்சியாக்கும் புதுப் பிரிவில் சேர, தேர்ச்சி பெற்றாக வேண்டும். 7ஆம் தேதி செய்முறைத் தேர்வு. கையுறை, முகக்கவசம் எல்லாம் முறையாக அணிந்தானாம். வளர்ப்புக் குடுவையைத் திறந்ததும், கவசத்தை இறக்கி மோந்து பார்த்துவிட்டான். பதினெட்டு வருடம் இறைச்சியை மூக்கால் சோதித்தவன். கை தானாகப் போய்விட்டது. மூச்சுக்காற்று பட்டதால் குடுவையில் இருந்ததை முழுவதும் கொட்டினார்கள். அவனுக்குத் தோல்வி. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

மறுதேர்வு மார்ச் 3. புதுப் பிரிவுக்கான பயிற்சியை அங்கே முடித்து வரும் நீதான் நடத்துவாய் என்று நேற்று அறிவித்தார்கள். கூட்டாளிகள் சும்மா இருப்பார்களா? "உனக்கென்னப்பா, வீட்லயே மார்க் போட்டுடுவாங்க" என்றாராம் ஒருவர். "டெஸ்ட்டுக்கு மொத நாள் சண்டை மட்டும் போட்டுடாதே" என்றாராம் இன்னொருவர். இவனும் சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து, "பொண்டாட்டி கையால ஃபெயில் ஆகறதுக்கு மூட்டை தூக்கலாம்பா. பாஸ் ஆனாலும் அவ போட்ட பிச்சைன்னுதான் சொல்லுவானுங்க" என்றான். தேர்வுக்கே போகமாட்டானாம்.

வேறொருவர் நடத்தட்டுமே என்று உங்கள் மேலாளரிடம் விசாரித்தேன். அந்த வேலை தெரிந்தவர் இங்கே வேறு யாருமில்லையாம். சலுகை காட்டு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. நீ காட்டவும் மாட்டாய். மற்றவர்களுக்கு எழுதுவதையே அவனுக்கும் எழுது. அவனை அங்கே வரவைப்பது என் பொறுப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முடிவு எதுவானாலும், அன்று மாலை அலுவலகக் காரில் நீ முன்னால் வந்துவிடாதே. தொழிற்சாலை வாசலில் அவனுக்காக நில். ஒரே பேருந்தில் இருவரும் வாருங்கள். குழந்தையைச் சாப்பிட வைத்துவிட்டு, உங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்திருப்பேன்.

ஆசிகளுடன்,
உன் மாமனார்