ஏகாதசி நாளின் வெள்ளம்

கல்கத்தா,
25 அக்டோபர் 1926

அன்புள்ள அண்ணிக்கு,

புலினின் விஜயதசமி வணக்கம். நீங்கள் அனுப்பிய தேங்காய் உருண்டைகளை மெஸ்ஸில் ஒரே நாளில் சூறையாடிவிட்டார்கள். நல்ல செய்தி அவ்வளவுதான்.

நதி ஆய்வுச் சபையில் என் கட்டுரையை வாசித்தேன். ரயிலுக்காகப் போட்ட கரைதான் கஜோலி ஆற்றை மறிக்கிறது, அதில் மூன்று இடங்களில் தண்ணீர் அடியில் ஓடப் பாலக்கண் திறந்தால் நம் கொலாகாச்சி முழுகாது என்று அடித்துச் சொன்னேன். ஆதாரம், அண்ணா படித்துறையில் நட்ட மூங்கில் கோலில், அவர் போன பிறகும் நீங்கள் ஆறு வருஷமாக எடுத்துவரும் அளவுகள். தலைமைப் பொறியாளர் துரை அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டார். "மழை கொட்டினது அக்டோபர் ரெண்டாம் தேதி பகல்ல. உங்க வெள்ளம் அன்னிக்கு விடியறதுக்குள்ளேயே உச்சத்துல நிக்குது. உங்க ஊர்ல மழைக்கு முந்தியே வெள்ளம் வந்துடுமா, பாபு?" சபையே சிரித்தது.

நவம்பர் இருபதுக்குள் விளக்கம் தராவிட்டால் கட்டுரை குப்பைக்குப் போகும். அடுத்த மழைக்கும் ஊர் மிதக்கும். கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள் அண்ணி, அன்றைக்குக் கண் அசந்து, பிறகு உத்தேசமாக எழுதிவிட்டீர்களா?

புலின்


கொலாகாச்சி,
கார்த்திக் 14, 1333

மகா பண்டிதரான என் கொழுந்தனாருக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது.

கண் அசந்தேனாம்! துரையின் அக்டோபர் இரண்டு நம் வங்காளப் பஞ்சாங்கத்தில் ஆசின் 15. அது என்ன நாள்? ஏகாதசி. விதவைக்கு அன்றைக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. தொண்டை காய்ந்துபோய் இடுப்பளவு வெள்ளத்தில் நின்று அளந்தேன். படகோட்டி கலீமுத்தீன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மேல ஏறுங்க! ஆத்துக்குக் கண்ணு கிடையாது!" என்று கத்தினான். "சும்மா இருடா, இன்னொரு கணு முழுகுதான்னு பார்த்துட்டு வரேன்" என்றேன்.

துரைக்கு நடுராத்திரியில் மணி அடித்தால் தேதி மாறும். நமக்குச் சூரியன் வந்தால்தான் மாறும். நான் அளந்தது பகலெல்லாம் மழை கொட்டித் தீர்த்த பிறகு, மறுநாள் விடிவதற்குச் சற்று முன். பொழுது விடியவில்லை, நான் தண்ணீர் குடிக்கவில்லை, ஆகவே எனக்கு அது இன்னும் பதினைந்துதான். துரைக்கு அது மூன்றாம் தேதி. நீ இரண்டாம் தேதி என்று எழுதி வைத்திருக்கிறாய். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்!

நீ சந்தேகப்பட்டது வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

நிஸ்தாரிணி


கல்கத்தா,
அக்ரஹாயண் 15, 1333

மதிப்பிற்குரிய அண்ணியின் பாதங்களுக்கு,

நம் பஞ்சாங்கப்படி போட்டிருக்கும் தேதியைப் பார்த்தீர்களா? இனி உங்களுக்கு இப்படித்தான் எழுதுவேன்.

விடியலுக்கு முன் எடுத்த அளவுகளையெல்லாம் ஒரு நாள் தள்ளி எழுதினேன். ஆறு வருஷத்தில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் ரயில்காரர்கள் எடுத்த அளவோடு ஒப்பிட்டதில், நம் பக்கம் மூன்று முழம் தண்ணீர் அதிகம் நின்றது பளிச்சென்று தெரிந்தது. துரை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "யார் எடுத்தது இது?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மழைக்கு முன் மூன்று பாலக்கண்களையும் திறக்க உத்தரவாகிவிட்டது. கட்டுரையின் முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேல் உங்கள் பெயர் இருக்கிறது.

நேற்று ஏகாதசி. நானும் தண்ணீர் குடிக்காமல் விடியும்வரை விழித்திருந்தேன். உங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதலாம் என்று நாலு மணிக்கு உட்கார்ந்தேன். கை நடுங்கியதில் பேனா நிற்கவில்லை. பொழுது விடிந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கையோடுதான் அண்ணி, நீங்கள் வெள்ளத்தில் நின்று ஒவ்வொரு கணுவாக எண்ணியிருக்கிறீர்கள்.

உங்கள் புலின்