மணல் மேசையில் மாண்ட லோரிக்காரனை எழுப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
சி. காளியண்ணன், லோரி ஓட்டுநர்,
ஆற்றங்கரைத் தோட்டம், அசாம் ஜாவா.

பெறுநர்:
உணவு லோரிப் பயிற்சி அதிகாரி துரை அவர்கள்,
கோல சிலாங்கூர்.

பொருள்: பயிற்சி ஆட்டத்தில் இறந்துபோன என்னை ஞாயிற்றுக்கிழமைக்குள் உயிர்ப்பிப்பது குறித்து.

கனம் பொருந்திய துரை அவர்களுக்கு, வணக்கம்.

1. அரிசி லோரிகளைக் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களிடமிருந்து காக்கும் வழியைக் கற்பிக்க, கிளப் மண்டபத்து மேசையில் தாங்கள் மணலால் படைத்த சிலாங்கூரைக் கண்டேன். பிரம்மதேவன் பார்த்திருந்தால் தங்களிடம் கூலிக்குச் சேர்ந்திருப்பார். ஆற்றுக்கு நீலத்துணி, ரப்பர் மரத்துக்குக் கிராம்பு, லோரிக்குத் தீப்பெட்டி. ஒரு தீப்பெட்டியில் என் பெயர்! ஏழு தலைமுறையில் எங்கள் குடும்பத்துப் பெயரை யாரும் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

2. தாங்கள் தாயம் உருட்டினீர்கள். ஒன்று விழுந்தது. வளைவில் பதுங்கித் தாக்குதல் என்று சொல்லித் தீப்பெட்டியைக் கவிழ்த்தீர்கள். நான் இறந்தேன். வலி சிறிதும் இல்லை. நான் பார்த்த சாவுகளிலேயே இதுதான் உயர்ந்த ரகம்.

3. வழக்கமான ஓட்டுநர் இல்லாமல் அரிசி எப்படிப் போய்ச் சேரும் என்று சோதிக்க, மாதக் கடைசி வரை இறந்தவர்கள் லோரியைத் தொடவோ தோட்டத்து வேலியைத் தாண்டவோ கூடாது என உத்தரவிட்டீர்கள். இப்போது எனக்குப் பதிலாக மாற்று ஓட்டுநர் செல்லையா ஓட்டுகிறார். என் லோரி அவரிடம் படும் பாட்டை எழுதினால் இந்தக் காகிதமே அழும்.

4. உள்ளதைச் சொன்னால், சாவு எனக்குச் சௌகரியமாகவே இருக்கிறது. விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இருசப்பன் தினமும் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, "யோவ் செத்தவரே, தேத்தண்ணி ஆறுது, எந்திரிச்சு வாங்கலா!" என்று மரியாதையாக அழைக்கிறார். என் மனைவி தாயம்மாதான், "செத்த மனுசனுக்கு மூணாவது ரொட்டி எதுக்கு?" என்கிறாள்.

5. ஆனால் வரும் ஞாயிறன்று கெர்லிங்கில் என் தங்கை நாகமணியின் மகள் புஷ்பவள்ளிக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் எங்களில் பெண் மணவறை ஏறுவாள். அவளுக்கு நான் ஒருவன்தான் மாமன். வேறு பெரியவரை வைத்து மாலை போடலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "அன்னிக்கு எங்க மாமா வர்ற வரைக்கும் உக்காந்த பாயை விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றாளாம். அவள் சொன்னால் சொன்னதுதான், என் இரத்தம். அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரடங்கு. முகூர்த்தம் தவறினால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள்.

6. மேல்நாட்டில் கணக்குப் போடும் மின்சார மூளை வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தேன். நாளை இந்த ஆட்டத்தை அதுவே ஆடக்கூடும். சாகடிக்க ஒரு விசை வைப்பவர்கள், கல்யாண வீட்டாருக்காக எழுப்பவும் ஒரு விசை வைக்கும்படி தாங்கள் சிபாரிசு செய்ய வேண்டும்.

7. அதுவரை தங்கள் சுண்டுவிரல் போதும். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தருளுங்கள். சட்டம் இடம் தராவிட்டால், ஞாயிறு காலை கெர்லிங் போகும் லோரியில் என்னைப் பிணமாகவே ஏற்ற உத்தரவிடுங்கள். இறந்தவரை ஏற்றிச் செல்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதானே. கல்யாண வீட்டு வாசலில் இறக்கினால் போதும். மாலை போடும் நேரத்தில் மட்டும் பிணத்தின் கைகள் இரண்டும் சற்று அசையும். அப்போது லோரிக் காவலுக்கு வரும் சிப்பாய்கள் வேறு பக்கம் பார்க்கும்படி தயவுசெய்து சொல்லிவைக்கவும்.

இடம்: அசாம் ஜாவா
தேதி: 12.5.1954

தங்கள் உத்தரவின்படி காலமாகியுள்ள,
சி. காளியண்ணன்