சொல்லியாச்சு என்றேன்

நாள் 61. காலை 07.10
நிலவின் மறுபுறம், வானொலித் தொலைநோக்கி நிலையம். ஆட்கள்: ஒன்று. பெயர் அருணகிரி, வயது ஐம்பத்து மூன்று, ஆன்டெனா மெக்கானிக். ஆக்சிஜன் சரி. தண்ணீர் சரி. தலை மட்டும் ரிப்பேரில்; பல நேரம் நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்பதில்லை. ஆன்டெனாக் கம்பி தலைக்கவசத்தில் விழுந்து இன்றோடு இரண்டு மாதம். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லாததால் சேதம் குறைவு என்று என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம்.

பூமியில் இருக்கும் டாக்டர் நசீமா கொடுத்த பயிற்சி இது: தினமும் எழுத வேண்டும், திரும்பப் படிக்கக் கூடாது. முடித்ததும் பக்கம் தானே பூட்டிக்கொள்ளும். நேற்றைய தினத்தை நானே மண்டைக்குள் துழாவி எடுக்க வேண்டுமாம். உங்கள் கையில் கிடைத்தால் தாராளமாகச் சிரியுங்கள்.

நாள் 62. 10.30
தேர்வு. திரும்பும் கலத்தைக் கிளப்ப ஏழு படிகள். கிளம்பும் குலுக்கலில் எதையும் படிக்க முடியாது. பூமியோடு பேச்சும் இருக்காது. எல்லாம் மனப்பாடம். மூன்று நாள் தொடர்ந்து தப்பில்லாமல் சொன்னால் கலத்தின் பூட்டைத் திறப்பார்கள். இல்லையென்றால் அடுத்த கப்பல் பதினோரு மாதம் கழித்து.

ஒத்திகையில் நான்குக்கு மேல் வரவில்லை. படிகளை எழுதி கேமராவுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டினேன். பாலிடெக்னிக்கில் பழகிய கை, அது மட்டும் மறக்கவில்லை. ஏழுக்கு ஏழு. டாக்டர் கைதட்டினார்.

நாள் 64. 13.05
மூன்றாம் நாளும் ஏழு. கோவில்பட்டியிலிருந்து மனைவி செண்பகவல்லி:

"ஏங்க, மூணு நாளும் ஏழா? நேத்து எம்பேரச் சொல்லவே திணறுனீக. பிட்டு வச்சீகளா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாதி வழியில மறந்துபோச்சுன்னா யாருகிட்டக் கேப்பீக? டாக்டர்ட்ட நீங்களே சொல்லிருங்க. நான் கோள் சொன்னதா இருக்க வேண்டாம். பதினோரு மாசந்தான, நான் கெடக்கேன்."

நியாயம்தான். தாளைக் கிழித்துவிட்டேன். நாளைக் காலை டாக்டரிடம் ஒப்புக்கொள்வேன். சத்தியம்.

நாள் 65. 08.00
டாக்டர் வாழ்த்தினார். மூன்று நாளும் நான் ஏழுக்கு ஏழாம்! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கலம் நாளைக் காலை திறக்கும். டாக்டர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், என்ன விசேஷமோ. அவரிடம் வேறு ஏதோ சொல்ல இருந்தது. வரவில்லை.

13.10
"டாக்டர்ட்ட சொல்லிட்டீகளா?"

எதை? தெரியவில்லை. கேட்டால், இதையுமா மறந்தாச்சு என்று அழுவாள். இரண்டு மாதமாக அந்த அழுகையைத்தான் கேட்கிறேன். சொல்லியாச்சு என்றேன்.

"வஞ்சாங்களா?"

திட்டவில்லை என்றேன்.

"அப்பாடா. இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன். மெதுவா வாங்க."

நாளை கிளம்புவதைச் சொல்லவில்லை. வாசலில் போய் நின்று அசத்தலாம் என்று ஆசை.

நாள் 66. 06.40. குரல் பதிவு
கலத்துக்குள். படி ஒன்று, ஆச்சு. இரண்டு, ஆச்சு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பல்லெல்லாம் ஆடுகிறது.

06.42
மூன்று. நான்கு. கிளம்பிவிட்டேன்.

06.43
ஐந்து. தெரியும். மூன்று நாளும் சொன்னவன்தானே.

06.44
ஐந்து.

06.45
செண்பகம், நான் டாக்டர்ட்ட சொல்லல