வாசலில் நின்றவர்களின் சாட்சி

9 ஜூன் 2025
மேகலாவின் காரியம். விட்டுப்போகாமல் இருக்க வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

1. அவள் பிறப்பு பதிவாகவில்லை என்று செம்மேடு தாலுகா அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும்.
2. அவள் பிறந்ததை அறிந்த பெரியவர்கள் இருவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஒருவன் நான். இன்னொருவன் என் மனைவியின் தம்பி சின்னையன்.
3. உறுதிமொழி வெறும் நடைமுறைதான். பயப்பட ஒன்றுமில்லை.
4. மாதக் கடைசிக்குள் எல்லாம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மேகலா என் தம்பி சின்னுசாமியின் மகள். சேலத்தில் நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். மலைமேல் வளப்பூர் நாட்டில், வீட்டிலேயே பிறந்தவள். தம்பி பதியவில்லை. இப்போது தம்பியும் இல்லை, அவன் மனைவி கண்ணாயியும் இல்லை, பிரசவம் பார்த்த அத்தாயியும் இல்லை. மிச்சம் நாங்கள் இரண்டு கிழவர்கள்.

மூன்றாவதை யாருக்காக எழுதினேன்? எனக்காகத்தான்.

12 ஜூன்
செம்மேடு போய்வந்தேன். 1996 பதிவுகளில் அவள் பெயர் இல்லை. இல்லை என்பதற்கும் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

13 ஜூன்
சின்னையன் வர மறுக்கிறான். பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். கையில் எண்ணெய், கத்தியில் எண்ணெய்.

“சத்தியம் பண்ணச் சொல்றீங்களா மச்சான்? வரப்புத் தகராறுல கோயில்ல வந்து கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னாங்க. வேண்டாம்னு நெலத்தையே உட்டுட்டு வந்தவன் நானு.”

நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. ஊருக்கே தெரியும்.

“இது கோயில் இல்லடா, காகிதம்” என்றேன்.

“வெறுங் காயிதந்தான்னா எனக்கும் சேத்து நீங்களே போட்டுக்குங்க. உங்க கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்குமே!”

அவன் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். கோர்ட்டில் எழுத்தராக இருந்த காலமெல்லாம் கூண்டில் ஏறியவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுத்தவன் நான். வாய் சொல்லும், மனம் மதியச் சாப்பாட்டை நினைக்கும். கூண்டில் ஒருநாளும் ஏறியதில்லை.

15 ஜூன்
மேகலா போய்ப் பேசியிருக்கிறாள். “பாத்தத மட்டுஞ் சொல்லுவேன், ஒரு சொல்லு கூடப்படாது” என்று சின்னையன் ஒப்புக்கொண்டானாம்.

16 ஜூன்
மழை. எங்கும் போகவில்லை.

18 ஜூன்
நாமக்கல். மேகலாவும் கூட வந்தாள். மலைப்பாதை வளைவுகளில் சின்னையன் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

நோட்டரி அலுவலகத்தில் டைப் செய்யும் பெண், கவிதா, இரண்டு பத்திரங்களையும் தயாராக வைத்திருந்தாள். காட்டிய இடத்தில் நான் கையெழுத்திட்டேன். சின்னையன் பேனாவைத் தொடவில்லை. “படிச்சுச் சொல்லுங்க மச்சான்” என்றான்.

படித்தேன். “பிறப்பின்போது நான் உடனிருந்தேன்” என்ற வரி வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். அவனுக்குத் தெரிந்திருக்காது. விரலை அந்த வரியில் வைத்து நிறுத்திவிட்டேன்.

“ஏனுங்க மச்சான், கண்ணாடி கொண்டாரலீங்களா?”

“இந்த வரி சரியில்லைங்கம்மா” என்று கவிதாவிடம் சொன்னேன். “நாங்க வெளியிலதான் நின்னோம்.”

“உள்ளயா வெளியயான்னு யாருங்கய்யா கேக்கப்போறாங்க? எல்லாருக்கும் இதே வரிதான். மாத்துனீங்கன்னா ஏஜென்சில திருப்பி அனுப்பிருவாங்க.”

“பெரியப்பா, ஒரு வரிதானுங்க...” என்றாள் மேகலா.

கையெழுத்திட்டதைக் கிழித்தேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம்? தைரியமா, பயமா? தெரியவில்லை. புதிதாகச் சொல்லச் சொல்ல அவள் டைப் செய்தாள்:

“1996 ஆகஸ்ட் 2, ஆடிப் பதினெட்டு. மழை. ஆண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. நாங்கள் வாசலில் நின்றோம். தந்தை சின்னுசாமி விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். சிறிது நேரத்தில் மருத்துவச்சி அத்தாயி பெண் குழந்தையைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார்.”

“கதையாட்டம் இருக்குதுங்கய்யா” என்றாள் கவிதா.

“திருவிழாவுல வாங்குன பொரியத் தின்னுக்கிட்டு நின்னோம், அதையும் போடு கண்ணு” என்றான் சின்னையன்.

பொரியைப் போடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவன் கையெழுத்திட்டான்.

திரும்பும் பஸ்ஸில் மேகலா முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

27 ஜூன்
கவிதா சொன்னபடியே ஆயிற்று. ஏஜென்சி திருப்பிவிட்டது. உள்ளே இருந்த ஒருவர்கூட ஏன் சாட்சி சொல்லவில்லை என்று விளக்கம் வேண்டுமாம். ஜெர்மனிக்குப் போகும் முதல் குழு அவள் இல்லாமல் கிளம்புகிறது. போனில், “பரவால்லீங்க பெரியப்பா” என்றாள். திட்டியிருக்கலாம்.

அவள் வேலைக்குக் குறுக்கே நிற்க நான் யார்? ஒரு வரி. பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக்கூடாதா நான்?

4 ஜூலை
தம்பி, கண்ணாயி, அத்தாயி மூவரின் இறப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பினோம். இறப்பை மட்டும் ஒழுங்காகப் பதிந்திருக்கிறோம்.

2 ஆகஸ்ட்
பதில் இல்லை. அவளைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

20 ஆகஸ்ட்
ஏற்றுக்கொண்டார்களாம். அக்டோபர் குழுவில் போகிறாள். சின்னையன் ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்து போட்டுவிட்டுப் போனான். பருவத்தின் கடைசிப் பழம், சுமார்தான்.

11 அக்டோபர்
மேகலா சொல்லிக்கொண்டு போக வந்தாள். பத்திரத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றாள்.

“அங்கயும் கேக்கறாங்களா?”

“இல்லீங்க பெரியப்பா. எனக்கு.”

கண்ணாயி போனபோது இவளுக்கு இரண்டு வயது. தம்பி எதையும் பேசாதவன். தான் பிறந்த நாளைப் பற்றி இதுவரை ஒருவரும் இவளிடம் சொன்னதில்லையாம். எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

“நான் அழுத சத்தங் கேட்டதும் அப்பா நெசமாலுமே எந்திரிச்சு நின்னாருங்களா?”

“நின்னான் கண்ணு.”

“அப்பறம்?”

பொரியைச் சொன்னேன். மழை ஒழுகிய இடத்தைச் சொன்னேன். அத்தாயி துணியை விலக்கிக் காட்டியபோது தம்பி தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். உள்ளே நடந்ததைக் கேட்டபோது, “தெரியாது, நான் வாசல்லதான் நின்னேன்” என்றேன். தலையசைத்தாள். நகலை மடிக்காமல் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டு, மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

உறுதிமொழி வெறும் நடைமுறை என்று மூன்றாவதாக எழுதியிருந்தேன். தவறு.