நான் குறியிட்ட கட்டம்

அல்டூனா, பென்சில்வேனியா
மார்ச் 9

அன்புள்ள கோரின்,

நீ, பீட்டர், குழந்தை மூவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். பனி உருகிவிட்டது, நகராட்சி போன வருடம் மூடிய பள்ளங்கள் எல்லாம் தத்தம் இடங்களுக்குத் திரும்பிவிட்டன.

நீங்கள் கார் வாங்கியதாக அம்மா சொன்னாள். இன்சூரன்ஸ் இல்லாமல் அதைத் தெருவில் இறக்க முடியாது. சட்டம் கேட்கிற குறைந்தபட்சக் காப்பீடு, நீ இடிக்கிற காரின் விளக்குகளுக்குப் போதும், காருக்குப் போதாது. அதற்கு மேலேயே எடு. இன்சூரன்ஸ் இல்லாதவன் உங்களை இடித்தால் உதவும் பிரிவையும் சேர்த்துக்கொள்.

பிறகு ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் இரண்டு கட்டங்கள். முதலாவதில் குறியிட்டால், விபத்தில் பட்ட வேதனைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். இரண்டாவது மலிவு. அதில் மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் மட்டும் கேட்கலாம். காயம் மிகக் கடுமையானது என்று நிரூபித்தால் ஒழிய, வேதனை உன் சொந்தப் பொறுப்பு.

உனக்குப் பதினேழு வயதாகி, உன்னையும் என் கார் இன்சூரன்ஸில் சேர்க்கப் போனபோது, ஏஜெண்ட் வெர்ன் ஸ்டாஃபர் அந்தத் தாளை என் முன் வைத்தார். "என்ன லென், உங்க வீட்ல யாராச்சும் கோர்ட்டு வாசப்படி ஏறுற ஆளா?" என்றார். "நாங்க மானம் மரியாதையா இருக்கறவங்க, வெர்ன்" என்று சொல்லி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். பள்ளியில் முப்பது வருடம் குடிமையியல் நடத்தியவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பது அதில் ஒரு பாடம். என் தேர்வு என்னோடு வசிக்கும் உறவினர் எல்லோருக்கும் பொருந்தும் என்ற வரியை நான் படிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்து இருக்கையில் சரிந்த உருளைக்கிழங்கு சாலட்டைப் பிடிக்கப் போன திரு. ஹாஃபர், சிவப்பு விளக்கைத் தாண்டி உன் மேல் மோதினார். நாம் பார்க்கப் போன வழக்கறிஞர் என்னைத் தனியாக நடைபாதைக்கு அழைத்தார். "கழுத்து திரும்பலேங்கறது சட்டத்துக்குப் பத்தாது சார். அந்தாளு குடிச்சிருந்தா வழி உண்டு. வெளி மாநில வண்டியா இருந்தாலும் உண்டு. இவரு சர்ச்சுக்குப் போற உள்ளூர்க்காரரு. நீங்க போட்ட டிக், உங்க பொண்ணையும் கட்டிப்போடுதே" என்றார். இடித்தவன் யோக்கியன் என்பதற்காக வருத்தப்பட்ட ஒரே தகப்பன் அன்று நானாகத்தான் இருப்பேன்.

நீ அதற்குள் காரில் போய்க் காத்திருந்தாய். "கேஸ் நிக்காதாம்" என்று மட்டும் சொன்னேன். "எனக்கு வலிக்குதுன்னு யாரும் நம்பல, அதானேப்பா?" என்று கேட்டாய். நான் சாவியைத் தேடினேன். சாவி கையில்தான் இருந்தது.

பதினொரு வருடம் ஆகிறது. போன கிறிஸ்துமஸில் குழந்தை கூப்பிட்டபோது, நீ கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினாய். "வலிக்குதாடி?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்லம்மா" என்றாய். அந்தப் பதிலை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

வழக்கறிஞர் உன்னை நம்பினார். திரு. ஹாஃபர்கூட நம்பினார். சட்டம் உன் வலியைச் சந்தேகிக்கவே இல்லை; என் கையெழுத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டது. இதை அன்றைக்கே காரில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் குறியிடு. ஏன் என்று பீட்டரிடமும் சொல். என்னைக் காப்பாற்றிச் சொல்ல வேண்டாம்.

மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் முழுவதையும் சொல்.

உன் அப்பா,
லென்