ரத்தத்தில் ஓர் எழுத்துப்பிழை

நைனா, இன்று கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டி.என்.ஏ.வே செல்லின் உட்கருவை விட்டு வெளியே வந்து புரதத்தைச் செய்வதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். ஏழாவது வரை படித்த நீ அந்த இடத்தை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாய்.

அப்போது தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று நம் நந்திதுர்க் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. நமக்கோ அதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள்ளேயே இருந்தது. செல்வியக்காவின் மகனுக்கு மூன்று வயது. உடம்பில் ரத்தம் ஊறவில்லை. மாதாமாதம் நீயும் அக்காவும் அவனை ரயிலில் பெங்களூருக்குத் தூக்கிப்போய் ரத்தம் ஏற்றி வந்தீர்கள். அக்காவின் மாமியார், உன் கூடப்பிறந்த அத்தை, "இவ வயிறுதான் சரியில்ல" என்று பக்கத்துக் குடியிருப்பான பாலகாட்டில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அத்தை மகனுக்கே அக்காவைக் கட்டிக்கொடுத்தவன் நீ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத்தில் உனக்கு ஷிப்ட் இல்லை. பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டாய். "இன்னாடா அது தலசீமியா? டாக்டர் சொல்றது ஒண்ணும் புரியல. நீ சொல்லு."

தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். "ரத்தத்தைச் செவப்பாக்குற புரதத்தை எப்படிச் செய்யணும்னு செல்லுக்குள்ள எழுதி வெச்சிருக்குது நைனா. அந்தக் குறிப்பு உட்கருவை விட்டு வெளிய வராது. அதைப் பாத்து ஒரு நகல் எடுத்து, அதைத்தான் வெளிய அனுப்பும்."

"பிளான் ஆபீஸ்லயே பூட்டி இருக்கும். காப்பிதான் ஆளுங்களோட கேஜுல சுரங்கத்துக்குள்ள எறங்கும். அப்படித்தானே?"

"அதேதான். வெளிய ரைபோசோம்னு ஒண்ணு இருக்குது. அது நகலை மூணு மூணு எழுத்தாப் படிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துக்கினே போகும். அந்தச் சரம்தான் புரதம். நம்ம கொழந்தைக்குக் குறிப்புல ஒரு எழுத்து மாறிப்போச்சு. பாதியிலயே 'நிறுத்து'ன்னு படிச்சுட்டு வேலையை வுட்டுடுது."

"ஒரே எழுத்தா?"

"ஒரே எழுத்து. எல்லாருக்கும் அந்தக் குறிப்பு ரெண்டு இருக்கும். அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தா போதும். இவனுக்கு ரெண்டுமே கெட்டது."

நீ சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கினாய். கீழே குழந்தை. அவனுக்கு மேலே அக்கா, மாமா. அவர்களுக்கு மேலே நீயும் அத்தையும். உங்கள் இருவருக்கும் மேலே தாத்தா. கோடுகளை இழுத்து முடித்துவிட்டு, "அப்போ என்கிட்டயும் இருக்குது" என்றாய்.

"இருக்கலாம்" என்றேன்.

சாப்பிடாமலே பாலகாட்டுக்கு நடந்தாய். நான் பின்னால் ஓடிவந்தேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், "இனிமே எம்பொண்ணைப் பேசாத. கெட்டது நம்ம அப்பன் நமக்குக் குடுத்தது. நான்தான் தெரியாம ரெண்டையும் ஒண்ணு சேத்துட்டேன்" என்றாய்.

"செத்துப்போன அப்பனை இழுக்கறியா?" என்று முறத்தைக் கீழே போட்டாள் அத்தை. அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினாள். அக்காவைப் பேசுவதையும் நிறுத்தினாள்.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தை போய்விட்டான். அதன்பிறகு நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாய். சுரங்கத்தை மூடியபோது நீ உயிரோடு இல்லை.

பிறகு நான் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கும் ஒன்று கெட்டதுதான். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். உன்னைப் போல வாசலில் நின்று, நேராக. அவளும் பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். "இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல நைனா" என்று மட்டும் சொல்லவில்லை. அது உனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.